கடலைப் பார்க்காத சுவர்

போலிவர் கடற்கரை, டெக்சஸ்
14 நவம்பர் 1993

அன்புள்ள அப்பா,

கடலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நான் நலம், பிக்கப் நலம், பின்னால் இழுத்து வந்த கேரவனில் ஒரு கதவுக் கீல் மட்டும் நலமில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வாசல்படியில் சேரும் பனியை நீங்களே வழிக்காதீர்கள். குட்ரூன் அத்தையிடம் சொன்னால் ஆள் அனுப்புவார். போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நாற்பது வருடம் மீன்படகு இன்ஜினோடு வாழ்ந்த காதுகளுக்கு என் குரல் எட்டாது. நான் கத்துவேன், நீங்கள் "என்ன, என்ன" என்று பதிலுக்குக் கத்துவீர்கள், அதற்குள் பேச வந்தது மறந்துபோகும். ஆகவே இந்தக் குளிர்காலம் முழுக்கக் கடிதம்தான்.

டகோட்டாவில் பனி, நெப்ராஸ்காவில் மழை, கான்சஸில் வெறும் காற்று. ஓக்லஹோமாவில் பெட்ரோல் போட நின்றபோது அங்கிருந்த ஆள் கேரவனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். "தனியாவா போற? மீன் புடிக்கவா, இல்ல புருஷன விட்டு ஓடறியா?"

"ரெண்டும் இல்ல. எங்கப்பாவுக்கு எடம் புடிச்சு வைக்கப் போறேன்."

"எடமா! கடல் என்ன தியேட்டரா, கைக்குட்டை போட்டு வைக்க?" என்றார்.

அவருக்கு ஹெரான் முனை முகாமைத் தெரியாது. அங்கே பதினான்காம் இடத்துக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றும் தெரியாது. பன்னிரண்டு குளிர்காலம் நீங்களும் அம்மாவும் தங்கிய இடம். ஜனவரி முடிவதற்குள் நீங்கள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஐம்பத்தைந்து வயதாகாதவர்கள் அங்கே விருந்தாளியாக மட்டுமே தங்கலாம், எனவே என்னால் காவல் காக்கத்தான் முடியும். நாம் பேசிக்கொண்டபடி ஜனவரி பதினைந்தாம் தேதி விமானத்தில் வந்துவிடுங்கள். நூலகத்தில் எனக்கு மார்ச் வரை விடுப்பு இருக்கிறது.

அங்கே போவதற்கு முன் நீங்கள் இருவரும் நின்ற கரைகளிலெல்லாம் நானும் நின்று போகிறேன். இங்கே மணலிலேயே வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். பக்கத்தில் யாரும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு கூடாரம் இருந்தது, அதையும் இன்று காலை சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெலிக்கன் பறவைகள் வரிசையாக அலையை உரசிக்கொண்டு போகின்றன. நவம்பரில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறேன். உங்கள் கட்டிலில் அல்ல. சாப்பாட்டு மேசையை இறக்கினால் ஒரு பலகை வருமே, அதில்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் ராக்னா

•

கிம்லி, மானிடோபா
27 நவம்பர்

ராக்னாவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே சுகம். முழங்கால் அப்படியே.

கீலுக்கு எண்ணெய் போடு. திருகாதே. காய்ந்த கடற்பாசி மணலில் கோடாகக் கிடக்கும், அதற்கு மேலே நிறுத்து. அதுவரை அலை வரும். மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறை, சாலை ஏறியதும் அடி. உப்பு அடியில் ஏறும். நல்ல தண்ணீர் கிடைத்தால் கழுவு.

ஏரி கரையோரம் உறைந்துவிட்டது. நடுவில் இன்னும் புகைகிறது. பியார்னி வந்துபோனான். இந்த வருடம் பனிக்கடியில் வலை போட அவனுக்கு ஆள் கிடைக்கவில்லையாம்.

கட்டிலில் படு. முதுகு போய்விடும்.

ஜனவரி பார்ப்போம்.

அப்பா

•

ஹெரான் முனை, டெக்சஸ்
9 டிசம்பர்

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் எனக்கு முன்பே தபால் நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. நான் நலம். கீலுக்கு எண்ணெய் போட்டேன். நீங்கள் சொல்லுமுன்பே திருகியும் விட்டேன், அதனால் கதவு இப்போது கயிற்றில் நிற்கிறது.

பதினான்காம் இடத்தில் கேரவனை நிறுத்தியாயிற்று. வெண்டெல் வந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்துச் சமப்படுத்திக் கொடுத்தார். டார்லீன் உங்களைக் கேட்டார். முகாமை நடத்தும் எஸ்டெலா, "உங்கப்பா கையெழுத்து இல்லாம என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா, ரூல்னா ரூல்தான்" என்றார். ஆனால் சொல்லிவிட்டு ஒரு பை எலுமிச்சை கொடுத்தார்.

பெயர்ப் பலகையை வாசலில் மாட்டிவிட்டேன்.

விமானச் சீட்டு எடுத்ததும் எழுதுங்கள். கால்சராய் இரண்டு போதும், இங்கே வெயில்.

ராக்னா

•

ஹெரான் முனை
அதே நாள், மாலை

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் மூச்சிரைப்பு இந்தக் குளிரில் அதிகமாகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். அதில் இல்லாதது இதில் இருக்கும். அவரிடம் சொல்லாதீர்கள்.

இங்கே ஒவ்வொரு கேரவன் வாசலிலும் ஒரு மரப் பலகை தொங்கும். மேலே ஊர்ப் பெயர். அதன் கீழே சின்னச் சங்கிலிகளில் வீட்டில் இருப்பவர்களின் பெயர், ஆளுக்கொரு துண்டுப் பலகையாக. மாட்டினால் ஆள் வந்துவிட்டார் என்று பொருள், பேச வரலாம். எங்களுடையதில் 'கிம்லி, மானிடோபா', கீழே 'எய்னார்', 'லில்யா'. கேரவனை நிறுத்தியதும் முதல் வேலையாக அதைத்தான் மாட்டினேன். அம்மாவின் பலகையைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டார்லீன் வேகமாக நடந்து வந்தார். அயோவாக்காரர், அம்மாவின் சீட்டாட்டக் கூட்டாளி. "லில்யா பொண்ணா நீ? அந்த மூக்கப் பாத்தாலே தெரியுதே!" பின்னாலேயே அவர் கணவர் வெண்டெல். "எங்க உங்கப்பன்? எனக்குப் போன வருஷ ஆட்டத்துல ஒரு பழி பாக்கி இருக்கு."

"ரெண்டு பேரும் ஜனவரியில வர்றாங்க," என்றேன். "அப்பாவுக்கு முழங்கால் வலி."

ரெண்டு பேரும். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை, அத்தை. ஏப்ரலில் நானும் நீங்களும்தானே மருத்துவமனையில் அம்மாவின் இரண்டு பக்கமும் நின்றோம். டார்லீன் பலகையைப் பார்த்தார். பிறகு வெண்டெலைப் பார்த்தார். "சரி கண்ணு. அதுவரைக்கும் நீ எங்க பொண்ணு. வியாழக்கிழமை பொதுச் சாப்பாடு, ஆளுக்கொரு பாத்திரம் கொண்டாரணும். சமைக்கத் தெரியுமா, இல்ல புஸ்தகம் மட்டும்தானா?"

அதற்குப் பிறகு ஒருவர்கூட அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. பன்னிரண்டு குளிர்காலம் இவர்களோடு இருந்தாள். ஒரு "லில்யா எப்படி இருக்கா?" கூடவா வராது? பொய் சொன்னவள் நான், ஆனால் எனக்குத்தான் வலிக்கிறது.

எல்லோரும் என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். பீக்கன் கொட்டைகளை என் முன்னால் குவித்துவிட்டு, "இந்த முகாம்ல சொந்தப் பல்லோட இருக்கறவ நீ ஒருத்திதான், உடை," என்கிறார் வெண்டெல். நான்கு மணிக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். ஐந்தரைக்கெல்லாம் கலைந்து அவரவர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அதன் பிறகு எனக்கு அலைச் சத்தம் மட்டும்தான். கொண்டுவந்த புத்தகங்களில் ஒன்றிலும் பக்கம் நகரவில்லை.

இன்னொன்று. கடலைப் பார்த்த மாதிரி ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. அதன் முன்சுவரில் கொக்கிகளில் நிறையத் துண்டுப் பலகைகள். இங்கே வந்துகொண்டிருந்து இறந்துபோனவர்களின் பெயர்கள். வீட்டில் மிஞ்சியவர் அடுத்த குளிர்காலம் வரும்போது கழற்றிக் கொண்டுபோய் மாட்டிவிட வேண்டும், அதுதான் இவர்கள் வழக்கம். எல்லாம் கடலைப் பார்த்தபடி காற்றில் ஆடுகின்றன. பக்கத்துச் சுவரில், வண்டிகள் நிறுத்துகிற திசையில், ஒரே ஒரு புதுக் கொக்கி வெறுமையாக இருக்கிறது. யாரோ கவனமில்லாமல் தப்பான சுவரில் அடித்துவிட்டார்கள்.

அப்பா வந்து இறங்குமுன் நான் இதைச் சரிசெய்தாக வேண்டும். அவர் வந்து அந்தப் பலகையைப் பார்க்கக் கூடாது. ஆனால் நான் கழற்றினால் அம்மா இங்கேயும் இல்லாமல் போவாள்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்
ராக்னா

•

கிம்லி
22 டிசம்பர்

என் செல்ல ராக்னாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். மூச்சு வருகிறது, போகிறது, அதற்கு மேல் இந்த வயதில் கேட்கக் கூடாது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? எலுமிச்சையை மட்டும் சாப்பிட்டு இருந்துவிடாதே.

நீ சொன்னதைப் படித்து இரண்டு முறை மூக்கைச் சிந்தினேன், மூன்றாம் முறை கோபம் வந்தது. சொல்லிவிடு பெண்ணே. வராதவளுக்கு அவர்கள் எத்தனை நாள்தான் நாற்காலி போட்டுவைப்பார்கள்? உன் அப்பாவிடம் நான் வாய் திறக்கவில்லை. ஆளாளுக்கு என் வாயைக் கட்டிப்போட்டால் நான் எதைத்தான் பேசுவது? சர்ச்சில் பாதிரியாரோடு வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஏழடுக்குக் கேக் செய்தேன். உன் அம்மா மாதிரி ஏலக்காயைத் தூக்கலாகப் போட்டேன். உனக்கு ஒன்று தபாலில் வருகிறது. உன் அப்பாவுக்கும் கொடுத்தனுப்பினேன்.

வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். தினம் ஒரு நடை போய் வீட்டைச் சூடாக்கும் உலை எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிடுகிறேன். வாசலில் பனியை வழித்தாயிற்று. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர்.

உன் அப்பா சுகம். மெலிந்திருக்கிறார், ஆனால் சுகம்.

கிறிஸ்துமஸ் அன்று யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடு.

அத்தை குட்ரூன்

•

கிம்லி
4 ஜனவரி 1994

ராக்னாவுக்கு,

சுகம். உன் கடிதங்களைச் சனிக்கிழமை படித்தேன்.

பனி இரண்டு அடிக்கு மேல் இறுகிவிட்டது. இந்த வருடம் நல்ல பனி. தெற்கே ஓர் இடத்தில் மட்டும் வெடிப்பு, சுற்றித்தான் போக வேண்டும். மீன் பரவாயில்லை.

குட்ரூனின் கேக் கல்லாக உறைந்திருந்தது. அடுப்பின் மேல் வைத்துத் தின்றேன். ஏலக்காய் சரியாக இருந்தது.

பதினைந்தாம் தேதி முடியாது போல. மாதக் கடைசியில் பார்ப்போம்.

கதவுக்குக் கயிறு போதாது. வெண்டெலிடம் திருப்புளி இருக்கும், கேள்.

அப்பா

•

ஹெரான் முனை
13 ஜனவரி

அன்புள்ள அப்பா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு எப்படி என்று கேட்கிறேன், இந்த முறை உண்மையான பதில் வேண்டும்.

மூன்று நாளாக வடகாற்று. இங்கே வடகாற்று என்றால் வானத்தில் நீலமாக ஒரு கோடு தெரியும், அரை மணியில் வெயில் போய்க் கோட்டு போட வேண்டியிருக்கும். மணல் பறந்து கயிறு கட்டிய கதவின் இடுக்கு வழியாக உள்ளே வந்து தட்டில், தலையணையில், புத்தகத்தின் நடுவில் எல்லாம் இருக்கிறது. யாரும் வெளியே வரவில்லை. இரண்டு நாள் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்றாம் நாள் டார்லீன் வந்து கதவைத் தட்டியபோது என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "செத்துட்டியோன்னு பாக்க வந்தேன்," என்றார். "சூப் கொண்டாந்திருக்கேன். செத்திருந்தா நானே குடிச்சிருப்பேன்."

அன்று அவராகவே அம்மாவைப் பற்றிப் பேசினார், முதல் தடவையாக. அம்மா இங்கே கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாளாமே? எனக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் அலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகவே நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எல்லோர் நாற்காலியும் ஒரு பக்கம், அவளுடையது மட்டும் மறுபக்கமாம். ஏன் என்று கேட்டதற்கு, "நாப்பது வருஷம் ஜன்னல்ல நின்னு ஏரியவே பாத்தாச்சு, இந்த ஆளு திரும்பி வருவாரா மாட்டாரான்னு. இப்ப ஆளு பக்கத்துலயே உக்காந்திருக்காரு. இனி எனக்கு எதுக்குத் தண்ணி?" என்றாளாம். டார்லீன் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சூப்பைக் குடித்துக்கொண்டே இருந்தேன், கிண்ணம் காலியான பிறகும்.

இனி என் கேள்விகள். நவம்பரில் பேனாவில் எழுதினீர்கள். ஜனவரியில் ஏன் பென்சில்? கடிதத்தில் ஏன் விறகுப் புகை வாசனை? நம் வீட்டில் விறகடுப்பே கிடையாது. கேக் ஏன் கல்லாக உறைந்தது? வீட்டில் ஆள் இல்லாதபோதுதானே, குளிரில் உறைந்து குழாய் வெடித்தால் காப்பீடு கிடைக்க, யாராவது தினமும் போய்ப் பார்க்க வேண்டும்? அத்தை ஏன் தினமும் போகிறார்?

எஸ்டெலா நேற்றும் கேட்டார். மாதக் கடைசி என்றால் முப்பத்தொன்றாம் தேதிக்குள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

ராக்னா

•

ஹெரான் முனை
21 ஜனவரி

அப்பா,

தபால் நிலையத்துக்குத் தினமும் போகிறேன். ஒன்றும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் பெண் என்னைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டுகிறாள், நான் கதவைத் திறப்பதற்கு முன்பே.

வரிசையில் முதலில் இருக்கும் கான்சஸ் தம்பதி இன்று இடத்தைப் பார்க்க வந்தார்கள். நல்லவர்கள்தான். அந்த அம்மாள் நம் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "எய்னார், லில்யா... பேரே அழகா இருக்கு. அவங்க ஏன் விட்டுட்டுப் போறாங்க?" என்று கேட்டார். வெண்டெல் முந்திக்கொண்டு, "இன்னும் யாரும் எங்கயும் போகல," என்றார், கொஞ்சம் கடுப்பாக.

உடம்பு நன்றாக இருக்கிறதா என்பதையாவது எழுதுங்கள்.

ராக்னா

•

கிம்லி
21 ஜனவரி

அருமை ராக்னாவுக்கு,

நான் படுக்கையிலிருந்து எழுதுகிறேன், கவலைப்படாதே, வெறும் சளி. நீ சுகமாக இரு. உன் கேள்விகள் உள்ள கடிதத்தை உன் அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்தது நான்தான். திறந்து படித்தேன். திட்டுவதானால் நேரில் திட்டு.

அவர் வீட்டில் இல்லை. டிசம்பர் முதல் வாரத்திலேயே பியார்னியோடு ஏரிக்குப் போய்விட்டார். பதின்மூன்று வருடம் முன்பு விற்ற வலையை அவனிடம் கூலிக்கு இழுக்கிறார். கரையிலிருந்து ஏழு மைல் தள்ளி, உறைந்த ஏரியில் சறுக்குக் கட்டைமேல் நிற்குமே அந்த மரக்குடில், அதிலேயே படுக்கை, அதிலேயே சமையல். சனிக்கிழமை மட்டும் என் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கடிதங்களைப் படித்துவிட்டுப் போகிறார். பேனா மை உறைந்துபோகும், அதனால்தான் பென்சில். "அவளுக்கு எழுதாத, பயப்படுவா," என்றார். எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

முழங்காலோடு ஏன் என்று கேட்டேன். "வீட்ல ரொம்ப சத்தமா இருக்கு குட்ரூன்" என்றார். காது கேட்காத மனிதர்! அங்கே யாரும் இல்லையே அண்ணே என்றேன். "அதான்," என்றார்.

போன வாரம் இன்னொரு கூத்து. ஊரில் தெருவுக்குத் தெரு வீசிக் கிடந்த கிறிஸ்துமஸ் மரங்களையெல்லாம் சறுக்குவண்டியில் அள்ளிக்கொண்டு போனார். பனிமேல் பாதைக்கு அடையாளம் நட. "ஏன் அண்ணே, பியார்னிக்கு வழி தெரியும், உனக்குக் கண்ண மூடினாலும் தெரியும். யாருக்கு இத்தன மரம்?" என்றேன். காது கேட்காத மாதிரி போய்விட்டார். அது அவருக்கு எப்போது வேண்டுமானாலும் வரும்.

அவர் அங்கே வரமாட்டார், கண்ணே. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

உன் அத்தை

•

ஹெரான் முனை
2 பிப்ரவரி

அன்புள்ள அப்பா,

நான் நலம். இதை முதல் வரியாக இப்போதுதான் உண்மையாக எழுதுகிறேன். நீங்கள் பனிமேல் நலமாக இருக்க வேண்டும். அத்தையின் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. அவரைக் கோபிக்காதீர்கள்.

நீங்கள் அறியாத ஒன்றை நானும் சொல்ல வேண்டும். வாசலில் உங்கள் பெயரோடு அம்மாவின் பெயரையும் மாட்டியிருந்தேன். இருவரும் வருவீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி, நான்கு மணிக்கு எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகு, அம்மாவின் பலகையைக் கழற்றினேன். சங்கிலி துருப்பிடித்திருந்தது, வெண்டெலின் இடுக்கியைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு வட்டத்தின் நடுவில் போய் நின்றேன்.

"எங்கம்மா வரமாட்டாங்க," என்றேன். "ஏப்ரல்லயே போயிட்டாங்க. நான் பொய் சொன்னேன்."

டார்லீன்தான், "தெரியும் கண்ணு," என்றார்.

"எப்பலேர்ந்து?"

"ஆகஸ்ட்ல உங்கப்பா ஒரு கார்டு போட்டாரு," என்றார் வெண்டெல். "'லில்யா ஏப்ரலில் போய்விட்டாள். ஏரி நன்றாக இருக்கிறது.' அவ்வளவுதான். அந்தாளுக்கு அதுவே ஜாஸ்தி."

"அப்ப ஏன் யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல? அவங்கள எல்லாரும் மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

டார்லீன் எழுந்து வந்தார். "அவளப் பத்திக் கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். அதுக்கு மேல இன்னொண்ணு. உன்ன எதுக்கு அலைய விடணும்னு எல்லாருமா பேசி வாய மூடிக்கிட்டோம். எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு இந்தக் கெழவரக் கேளு."

"கஷ்டம்னா கஷ்டம்," என்றார் வெண்டெல். "ராத்திரி எல்லாத்தையும் எங்கிட்ட கொட்டுனா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது. எல்லோருமாகக் கூடத்துக்கு நடந்தோம். நான் கடல் பக்கத்துச் சுவருக்குப் போய் இடம் தேடினேன்.

"அங்க இல்லம்மா," என்றார் வெண்டெல். "இந்தப் பக்கம்."

பக்கத்துச் சுவருக்கு அழைத்துப் போனார். அந்த ஒற்றைக் கொக்கி. தப்பான சுவரில் அடித்திருக்கிறார்கள் என்று டிசம்பரிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது.

"அக்டோபர்ல வந்தவொடனே அடிச்சது," என்றார். "எய்னார் எடுத்துட்டு வருவாருன்னு பாத்தோம்."

"இங்கேருந்து கடல் தெரியாதே," என்றேன்.

"அதுக்குத்தான்," என்றார் டார்லீன். "நாப்பது வருஷம் பாத்தாளே. போதும்."

மாட்டினேன். அங்கிருந்து வண்டிகள் தெரிகின்றன, எலுமிச்சை மரம் தெரிகிறது, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்பது தெரிகிறது. அம்மாவுக்குப் பிடித்த பக்கம்தான்.

பிறகு எஸ்டெலாவிடம் போய்ப் பதினான்காம் இடத்தைக் கான்சஸ்காரர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். அவர் ஒரு வாரம் வேண்டுமானாலும் இரு என்றார். ரூல் என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல முடியாது, அப்பா. வரமாட்டேன் என்று நவம்பரிலேயே நீங்கள் சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். கடற்கரையோடு மெல்லக் கிழக்கே போகிறேன். கால்வெஸ்டன் தபால் நிலையத்தில் இருபத்தைந்தாம் தேதி வரை பார்ப்பேன். உங்கள் பெயர்ப் பலகை என்னிடம் இருக்கிறது. என்ன செய்ய?

இரண்டு நாளாகக் கட்டிலில் படுக்கிறேன். அம்மா படுக்கும் பக்கத்தில்.

ராக்னா

•

ஏரியிலிருந்து
12 பிப்ரவரி

ராக்னாவுக்கு,

சுகம். முழங்கால் வலிக்கிறது. உண்மையான பதில் கேட்டாய்.

இவ்வளவு நீளம் எழுதிப் பழக்கமில்லை. பியார்னி தூங்குகிறான். பென்சிலை இரண்டு முறை சீவிவிட்டேன்.

அக்டோபரில் நீ வந்து கேரவன் சாவியைக் கேட்டாய். உங்களுக்கு இடம் பிடித்துவைக்கிறேன் அப்பா என்றாய். அம்மா போன பிறகு உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நான் பார்க்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ வெயிலில் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். நீ கேட்டதற்குப் பதில் ஆம். சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய்.

அங்கே அவள் இல்லாமல் உட்கார எனக்குத் தெரியாது. அவள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். நான் கடலைப் பார்ப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வருடம். நான் திரும்பவே இல்லை.

இங்கே வேலை இருக்கிறது. வலையை இழுக்கும்போது ஒன்றும் நினைக்க வேண்டியதில்லை. சாயங்காலம் கரையில் நம் வீட்டு ஜன்னல் இருக்கும் திசையைப் பார்க்கிறேன். ஏழு மைல், ஒன்றும் தெரியாது. இருந்தாலும் பார்க்கிறேன். அவள் நின்ற இடத்திலிருந்து நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது.

கொக்கியை அந்தச் சுவரில் அடித்தது நல்லது. வெண்டெலுக்கு நான் எழுதுகிறேன்.

என் பலகையை எடுத்து வா. குடிலின் கதவில் ஆணி இருக்கிறது. உன் பெயரிலும் ஒன்று செதுக்கிவைத்திருக்கிறேன். மீன்பெட்டிப் பலகை, அவ்வளவு நேராக வரவில்லை. மேல்படுக்கை காலியாக இருக்கிறது. பியார்னி கீழே படுப்பான், குறட்டை விடுவான், எனக்குக் கேட்காது, உனக்குக் கேட்கும்.

பனி மார்ச் கடைசி வரை தாங்கும். அவசரமாக ஓட்டாதே. டகோட்டாவில் காற்று அடித்தால் நின்று போ.

படகுத்துறை முடியும் இடத்தில் முதல் மரம். அங்கிருந்து வெடிப்பைச் சுற்றிக்கொண்டு நட்டிருக்கிறேன், ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும்படி. மரத்தை விட்டு விலகாதே. கடைசி மரத்தில் யாரோ வைத்த ஜிகினா கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலில் தூரத்திலிருந்தே மின்னும். அதைப் பிய்க்காமல் விட்டிருக்கிறேன்.

அப்பா